புகையை மறைக்கும் செட்டிங்

"மாமு, புகைபோக்கி மறுபடியும் வந்து நிக்குதுடா!" என்று மொஹ்சின் கேமராவின் சின்னத் திரையைப் பாரியின் மூக்கருகே நீட்டினான்.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி மொஹ்சினின் வீடு. பின்னால் மூன்று புகைபோக்கிகளோடு அனல்மின் நிலையம். ஏற்கெனவே இரண்டு பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க நேரில் வந்து, புகையை அண்ணாந்து பார்த்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். இது மூன்றாவது, வாணியம்பாடிப் பெண், சாபிரா. அவள் அப்பாவுக்கு மூட்டுவலி. "வீடும் சுத்துப்பக்கமும் தெரியிற மாதிரி ஒரு போட்டோ போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். தூது போகும் ஜீனத் மாமிக்கு விடிந்தால் ரயில்.

கேமரா பாரியுடையது. அதன் விளக்கப் புத்தகத்தை மூன்று முறை படித்தவன் அவன்.

"இயற்கைக் காட்சிக்கு மலைப் படம் போட்ட செட்டிங்தான் மாமு. தூரத்துல கீறது பளிச்சுனு வரும்."

பளிச்சென்று வந்தது. புகைபோக்கியின் ஏணிப் படிகளை எண்ண முடிந்தது.

"தூரத்துல கீறதுதான்டா நமக்கு வேணாம்!"

"அப்ப வெளிச்சத்தை ஏத்துவோம். ப்ளஸ் ரெண்டு. வானம் வெள்ளையாயிடும், வெள்ளைப் புகை அதுல கரைஞ்சிடும்."

கரைந்தது. கூடவே சுண்ணாம்பு அடித்த வீடும் கரைந்தது. சிவப்புப் பட்டை போட்ட மூன்று புகைபோக்கிகள் மட்டும் அந்தரத்தில் நின்றன.

மொஹ்சின் அதையும் அழித்தான்.

பாரி அசரவில்லை. "குண்டு பல்பு செட்டிங் ஒண்ணு கீது. பல்பு வெளிச்சம் மஞ்சள். அதைச் சரிக்கட்ட கேமரா நீலத்தைச் சேர்க்கும். வெயில்ல அதைப் போட்டா எல்லாமே நீலமாவும். புகையும் வானமாட்டம் தெரியும்."

காலி மீன் கூடையோடு குறுக்கே வந்த பூவம்மாவும் நீலமானாள். திரையை எட்டிப் பார்த்தவள் கத்தினாள்.

"இன்னா நைனா, மூணு நாளு தண்ணில கெடந்த பொணமாட்டம் கீறேன்! அழிடா மொதல்ல!"

அழித்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"கடைசி வழி," என்றான் பாரி. "கேமரா ரெண்டு செகண்டு கண்ணைத் தொறந்து வைக்கிற செட்டிங். நிக்கிறது நிக்கும், நகர்றது கலைஞ்சிடும். புகை நகருதில்ல? ஆனா கேமரா ஆடவே கூடாது."

பூவம்மாவின் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்து, மூவரும் மூச்சை அடக்கினார்கள்.

கேமரா ஆடவில்லை. புகைதான் ஆடியது. இரண்டு விநாடியில் அது போன இடமெல்லாம் பதிந்து, வானம் முழுக்கக் வெள்ளைக் கம்பளியாக விரிந்திருந்தது. மொஹ்சின் அதை அழிக்க விரலை வைத்தான். பேட்டரி உயிரை விட்டது. இருட்டியும் விட்டது.

மெமரி கார்டில் மிஞ்சிய அந்த ஒரே படத்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, ஜீனத் மாமி எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவளை, நின்றுபோன ஃபேனுக்கடியில் நாற்காலியில் உட்காரவைத்து, ஓர் அட்டையால் விசிறியபடியே மொஹ்சின் கேட்டான்.

"புகையைப் பாத்தாங்களா மாமி?"

"அதைப் பாத்துதான்டா சம்மதமே! 'எங்கூர்ல பாதி நாளு கரண்டு இல்ல, கரண்டு பண்ற எடத்துக்குப் பக்கத்து வூடுன்னா ஃபேன் நிக்கவே நிக்காதே'ன்னு பொண்ணு ஒரே சந்தோசம்... நிறுத்தாதடா, விசிறு, வேர்க்குது!"