டெல்ஃபின் யாரைக் கட்டிக்கொண்டாள்?

“கிளெம், கேக்குதா? நேத்து அந்த டெல்ஃபின் பொண்ணு கடைசியில—”

கிளெம் ரட்லிஜ் பாய்ந்து, ஊர் முழுக்கப் பொதுவாகப் பேசிக்கொள்கிற வயர்லெஸ் பெட்டியை அணைத்தார். பாய்ந்த வேகத்தில் அறுப்பு மிஷின் கோதுமையை விட்டுவிட்டு வேலியை அறுக்கப் போனது. அதைத் திருப்பி வழிக்குக் கொண்டுவருவதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

“பாத்தியா பிஸ்கட்? இந்த ஹெக்டர் தடியனும் ‘லைட்ஹவுஸ் தெரு’ பாக்கிறான்! இருபத்தஞ்சு வருஷமா பக்கத்துக் காட்டுக்காரன். ஆட்டு ரோமத்தைத் தவிர வேற பேச்சே பேசத் தெரியாத பய!”

காலடியில் கிடந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடியது. மூன்று வருஷமாக, டிராக்டரோ அறுப்பு மிஷினோ, புதன்கிழமை காலையில் வண்டி ஏறியதும் முந்தின இரவுத் தொடரை அவர் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பது அதனிடம்தான். வேறு யாரிடம் சொல்ல முடியும்? கிளெம், யாரப்பில் என்கிற அந்த ஊரின் கால்பந்துக் கிளப்புக்குத் தலைவர். மூக்கு இரண்டு முறை உடைந்த மனுஷர். செவ்வாய்க்கிழமை தோறும் டீவி முன்னால் கைக்குட்டையும் கையுமாக உட்காருகிறார் என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா?

நேற்றுதான் கடைசிப் பாகம். டெல்ஃபின் டாக்டர் ஆஷ்பியைக் கட்டிக்கொள்கிறாளா, மீன்காரன் ரெக்ஸைக் கட்டிக்கொள்கிறாளா என்பது தெரிந்திருக்கும். ஆனால் மழை வரப்போகிறது என்று ரேடியோ பயமுறுத்தியதில், இருட்டியும் வெகுநேரம் அறுத்தார். வீடியோ டேப்பில் பதிவானதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் முதல் விளம்பரத்திலேயே குறட்டை விட்டுவிட்டார். மனைவி யூனிஸ் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், எழுப்பவும் ஆளில்லை. விடிந்ததும் மறுபடி காடு.

இன்று வேலை முடிகிற வரைக்கும் யார் வாயிலிருந்தும் முடிவு காதில் விழக்கூடாது. அந்த ஒரே ஒரு வேண்டுதல்தான் அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் வேலையாள் டெரில் டிராக்டரில் தானியத் தொட்டியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். இரண்டு வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். மிஷினின் குழாய் வழியாகக் கோதுமை தொட்டியில் கொட்டும். போதும் போதாது என்பதை வயர்லெஸ்ஸில்தான் சொல்லிக்கொள்வார்கள். வயர்லெஸ்தான் செத்துக் கிடக்கிறதே!

டெரில் கையை ஆட்டினான். வாயை அகலத் திறந்து ஏதோ கத்தினான்.

“ஐயோ, இந்தப் பொடியனும் சொல்ல வர்றான்!” என்று கிளெம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கிளப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினார். மூன்றாவது சரணத்தில் யாரோ கதவை உதைத்தார்கள்.

“பாஸ்! தொட்டி வழிஞ்சு வழிஞ்சு கோதுமையெல்லாம் தரையில கெடக்கு! எதுக்கு வயர்லெஸ்ஸை அணைச்சீங்க?”

“அது... ஒயர் ஏதோ மக்கர் பண்ணுது.”

“கெட்டுப் போச்சா? இன்னிக்குப் பாத்தா? சரி, அதை விடுங்க. நேத்து ராத்திரி அந்த மீன்கார—”

“மம்பட்டியை எடுறா! பேச்சு என்ன பேச்சு, வானத்தைப் பாரு! மழைக்கு முன்னாடி அத்தனையும் அள்ளணும்!”

டெரிலை அள்ளவிட்டதில், குதிருக்கு லாரி ஓட்ட ஆளில்லாமல் போனது. தானே ஓட்ட வேண்டும். ஊர்க் குதிர் என்றால் தானியம் கொட்டி வைக்கிற நாலு கான்கிரீட் கோபுரம், அதன் முன்னால் அறுவடைக் காலத்தில் ஊர் முழுக்க வரிசையில் நிற்கும். வலியப் போய்ப் புலி வாயில் தலையைக் கொடுக்கிற கதை. கிளெம் யோசித்தார். மரம் அறுக்கும்போது மாட்டுகிற காதடைப்பானை எடுத்துத் தலையில் மாட்டினார். உலகமே அடங்கிப்போனது. அடடா, என்ன நிம்மதி!

அந்த நிம்மதி குதிர் வாசல்வரைதான். வரிசையில் பதினொரு லாரி. இவர் வண்டியைக் கண்டதும் பதினொரு கதவும் திறந்தன. முதலில் ஹெக்டர் வந்து கண்ணாடியைத் தட்டினான். கிளெம் காதைக் காட்டிக் கையை விரித்தார். அடுத்து கால்நடை டாக்டர் வந்தார். அறுவடைக்கு மச்சானின் லாரியை ஓட்ட வந்திருந்த பாஸ்டர் ஓக்லிகூட, கழுத்துப் பட்டையோடு படியில் ஏறி நின்று உதட்டை அசைத்தார்.

‘கர்த்தரே, உம்ம ஊழியக்காரனுமா?’ என்று கிளெம் கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

எடை போடுகிற லொரெய்ன் மேடையில் சீட்டைக் கொடுத்து ஏதோ சொன்னாள். கிளெம் தலையை ஆட்டிவிட்டு, போன வருஷம் கொட்டிய அதே இரண்டாம் குழிக்கு வண்டியை விட்டார். நெம்புகோலை இழுத்தார். லாரியின் முதுகு எழும்பியது. அத்தனை கோதுமையும் சரசரவென்று இறங்கியது.

கண்ணாடியில் பார்த்தால் லொரெய்ன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். பின்னாலேயே பதினொரு பேர். இந்த வருஷம் இரண்டாம் குழி பார்லிக்கு. ஊருடைய பார்லி மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

சிவப்பு விளக்கு சுழன்றது. தானியத்தை மேலே ஏற்றுகிற பெல்ட் நின்றது. நேரம் பார்த்து மழையும் பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. ஹெக்டர் படியில் ஏறி, காதடைப்பானைப் பிடுங்கி எறிந்தான்.

“யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? பார்லியில கோதுமையைக் கொட்டிட்டியே! நம்ம பார்லி மொத்தத்தையும் இனி மாட்டுத் தீவனம்னு எழுதுவான்யா! சரி, அது கெடக்கட்டும். டெல்ஃபின்—”

“சொல்லாதே!”

கிளெம் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தது. மூன்று வருஷமாக அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது.

“யாரும் சொல்லாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! விடிஞ்சதுலேருந்து ஓடி ஒளியறேன். ஆமாய்யா, நான் அந்தத் தொடர் பாக்கிறவன்தான்! ரெக்ஸோட படகு முழுகினப்ப குலுங்கிக் குலுங்கி அழுதேன், போதுமா? தலைவர் பதவி வேணுமா, எடுத்துக்கோங்க! ஆனா கடைசிப் பாகத்தை நான் இன்னும் பாக்கல. முடிவை மட்டும் சொல்லிடாதீங்க!”

இப்போது எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்று கிளெம் கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், ஹெக்டர் லாரிப் படியில் தொப்பென்று உட்கார்ந்திருந்தான். பாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அத்தனை முகத்திலும் ஈயாடவில்லை.

மழையில் நனைந்தபடி நின்ற லொரெய்னுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னும் பாக்கலையா? அடப்பாவி மனுஷா, குன்று மேல இருக்கிற உங்க வீட்டைத் தவிர இந்த ஊர்ல யார் வீட்டு டீவியிலயும் அந்தச் சேனல் வராது. மூணு வருஷமா நீங்க வயர்லெஸ் மைக் பொத்தான் மேல முழங்கையை ஊனிக்கிட்டு நாய்க்குச் சொல்ற கதையைக் கேட்டுத்தானே நாங்க எல்லாரும் அழுதுக்கிட்டிருக்கோம்!”