காருக்குக் கூழ் ஊற்றிய மாப்பிள்ளை

மோட்டார் வாகனங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்களில் பலர் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், வேலூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த நானும் அப்படித்தான். பழைய வெளிநாட்டு இதழ்களைப் படித்துவிட்டு ஞாயிறு மலரில் கார்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுவேன். சித்தப்பாவின் அம்பாசடரில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். ஸ்போர்ட்ஸ் கார் எதையும் தொட்டதுகூட இல்லை. (பத்தியைப் படித்தால் இது தெரியாது. அவ்வளவு கவனமாக எழுதுவேன்.)

ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருந்த கோவிந்தசாமி அந்தப் பத்தியை விடாமல் படித்துவந்தார். அவருடைய மகள் மல்லிகாவை நான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, அவர் "சரி" என்று சொல்வது மட்டும் பாக்கி. வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனால், வீட்டு வாசலில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்.

வாணியம்பாடித் தோல் ஆலை ஒன்றுக்கு இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்புகிறாராம், கார்கள் அவருடையவை. இரண்டில் ஒன்றைக் கோவிந்தசாமி மாமா எடுத்துக்கொள்ளலாம்; மற்றது அன்று மாலையே பெங்களூருக்குப் போய்விடும். சிவப்புக் கார் பழையது, கார்புரேட்டர் வைத்தது. வெள்ளைக் கார் கொஞ்சம் புதிது, ஃபியூயல் இஞ்செக்‌ஷன் உள்ளது. வாழ்நாள் முழுக்கப் புளி லாரியே ஓட்டிய மனிதருக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

"இன்னா மாப்ள, நீங்கதான் காரைப் பத்தி எழுதறவரு. எதை எடுக்கலாம், சொல்லுங்க" என்றார்.

சம்பந்தம் முடிவாகும் முன்பே மாப்ள என்று கூப்பிட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசத் தொடங்கினேன். கார்புரேட்டரில் காற்று போகிற போக்கில் பெட்ரோலை இழுத்துக்கொண்டு போகும்; மலைமேல் காற்று லேசு, கலவை தாறுமாறாகும், இன்ஜின் திணறும். இஞ்செக்‌ஷன் அப்படியில்லை, வேண்டிய பெட்ரோலை அளந்து பீய்ச்சும். ஜவ்வாது மலையை இமயமலை அளவுக்கு உயர்த்தி வைத்துப் பேசினேன்.

கதவோரம் நின்ற மல்லிகா, "ரிப்பேர் ஆனா யாருப்பா பாப்பாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"ரிப்பேரே ஆகாது" என்று நான் பதில் சொன்னேன்.

"மலைக்கு ஒருதபா போய்ட்டு வந்துடலாம். வந்து நீங்க எதைச் சொல்றீங்களோ அதான்" என்றார் மாமா. அதாவது, சோதனை காருக்கு மட்டுமில்லை.

வெள்ளையை நான் ஓட்டினேன். பின்னால் சிவப்பில் அவரும் மல்லிகாவும். மலை ஏறி முடிக்கும் வரை இரண்டு காரும் ஒரே மாதிரிதான் ஓடின. எதுவும் திணறவில்லை. (இதை நான் செய்தியாகக் கருதவில்லை.)

மேலே ஒரு திருப்பத்தில், சாலை முழுக்கச் சாமைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பஸ்ஸும் லாரியும் ஜீப்பும் ஏறிப் போனால் மணி உதிரும். மாடு கட்டி மிதிக்கும் வேலை மிச்சம். நிறுத்தாமல் ஏற்றிப் போவதுதான் மரியாதை. ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணும் அவள் கணவனும், "ஏத்து சாமி, ஏத்து!" என்று கையை வீசினார்கள். இதே வழக்கத்தைப் பற்றி எங்கள் நாளிதழில் வந்த ஒரு படத்துக்கு நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆகவே ஏற்றினேன்.

லாரியின் வயிறு இடுப்பளவு உயரத்தில் இருக்கும். அந்தக் காரின் வயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. கார் கதிரை மிதிக்கவில்லை, வாரியது. அந்தக் குடும்பத்தின் விளைச்சலை அடியில் சேர்த்துக்கொண்டு திருப்பம் தாண்டிப் போய், இருமி நின்றது.

"ஏத்தச் சொன்னா வாரிக்கினு போறியே, அடப்பாவி!" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள். அதற்குள் சூடான சைலன்சரில் பட்ட வைக்கோல் புகைய ஆரம்பித்தது. நான் குதித்து இறங்கி, பானட்டைத் திறந்து, "ஊத்துங்க! ஊத்துங்க!" என்று கத்தினேன். ஊற்றுவதற்கு அங்கே இருந்தது அவர்கள் மத்தியானத்துக்குக் கொண்டுவந்திருந்த கேழ்வரகுக் கூழ். பாவம், அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. பானையோடு கவிழ்த்தாள். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் அமைப்பு முழுவதும் கூழில் மூழ்கியது.

மாமா வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார். கையாலேயே வைக்கோலைப் பிடுங்கிப் போட்டு, மண்ணை வாரி இறைத்து அணைத்தார். பிறகு நிமிர்ந்து, "பொகை அடியில வருது. நீங்க தலையில ஊத்தறீங்களே மாப்ள" என்றார். அந்த "மாப்ள"வில் காலையில் இருந்த சூடு இல்லை.

"சாமையும் போச்சி, கூழும் போச்சி. இதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றாள் அந்தப் பெண்.

மாமா என்னைப் பார்த்தார். "ஒரு மணி சாமை வுடாம வாரிக் குடுங்க. நான் இவங்களுக்குச் சோறு வாங்கினு, நம்ம லாரியையும் இட்டுனு வர்றேன்." சிவப்புக் கார் உறுமிக்கொண்டு போனது.

மல்லிகா முறத்தை எடுத்தாள். நான் காருக்கடியில் மல்லாந்து படுத்துக் கதிரை உருவி உருவிக் கொடுத்தேன், அவள் புடைத்தாள். கருகியது தனி, நல்லது தனி. பெண் பார்த்தபோது பேசாத பேச்சையெல்லாம் சாமைக்காரிதான் பேசினாள்: "காடு மேடு தெரியாத மாப்ளைய எல்லாம் மலைக்கு இட்டாராதீங்க தாயி. உங்க ஊர்லயே வெச்சிக்குங்க." மல்லிகா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சாமையில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

மாலையில் புளி லாரியின் பின்னால் வெள்ளைக் காரைக் கயிற்றால் கட்டினார்கள். ஸ்டியரிங்கில் நான். "இன்ஜின் ஓடாது. இதுல நீங்க ஒன்னும் பண்ண முடியாது, தைரியமா குந்துங்க" என்றார் மாமா. ஆலங்காயம் கடைத்தெருவே வெளியே வந்து பார்த்தது.

கூழ் குடித்த காரை அந்த இன்ஜினியர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். ஆக மாமா வெள்ளையை எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. அது தெருமுனை திரும்பும் வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்ன கார்தான் வந்தது என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அவர் மகளிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

"இன்னாம்மா, வேற எடம் பாக்கலாமா?"

"வாணாம்பா. தெரியாததைத்தான் தெரிஞ்ச மாதிரி பேசறாரு. வாரச் சொன்னா ஒழுங்கா வார்றாரு."

"சரி" என்றார் மாமா. நான் காத்திருந்த சொல் அப்படி வந்தது.

வெள்ளைக் கார் அதன்பின் ஓடவேயில்லை. மண்டியின் பின்பக்கம் பல வருடம் நின்றது, கோழிகள் அடைந்தன. இன்று தெருவில் ஓடுகிற பெட்ரோல் கார்களெல்லாம் இஞ்செக்‌ஷன்தான், ஆகவே அன்று நான் சொன்னதே சரி என்பதை வீட்டில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறேன். யாரும் ஏற்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் பூஜை என்னிடம்தான் வரும். சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்வேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் உடனே என்னைக் கேட்பார்:

"ஆடியில அம்மனுக்கு ஊத்தறோம். காருக்கு எப்ப மாமா ஊத்தப் போறீங்க?"

மல்லிகா சிரிக்க மாட்டாள். உள்ளே போய் ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள். நான் குடித்து முடித்த பிறகுதான் வண்டியை எடுப்பார்கள்.