நார்வேயும் பிரெட் கவர்களும்

உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உள்ளூர்ப் பிள்ளைகளைச் சீர்திருத்தக் கிளம்பும் இனம் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுரங்கம் மூடியபின் வேலையும் போய்விட்ட எங்கள் கென்டக்கி மலையூரில், சர்ச்சின் அடித்தளத்தில் நடக்கும் மழலையர் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக வாய்த்த கார்ல்டன் விட்மர் அந்த இனத்தில் சுத்தமான ரகம்.

பின்லாந்தில் எழுத்துக்கு அவசரப்படுவதில்லை என்று அறிந்துவந்தால் இங்கே சுவரிலிருந்து எழுத்து அட்டைகள் இறங்கும். இத்தாலியில் மரப்பொம்மைதான் என்றால் பிள்ளைகள் உயிராக வைத்திருந்த பிளாஸ்டிக் லாரி மறையும். நார்வேயில் பனியிலும் பிள்ளைகள் வெளியேதான் விளையாடுகின்றன என்று அவர் கண்டுவந்த ஜனவரியில் ஆசிரியை வெர்னா வாசலில் கிடந்த ஷூக்களை எண்ணிப் பார்த்தாள்.

"வெளிய விடலாம் சார். ஆனா பாதிப் பேருக்கு பூட்ஸ் இல்ல. இருக்கிற ஒரு ஷூவும் நனைஞ்சா நாளைக்குப் போட வேற கிடையாது."

"குளிர் நல்லது, மிஸ் வெர்னா. நார்வேயில..."

"அங்க பூட்ஸ் போட்டிருந்தாங்களா சார்?"

"அதையா பார்த்துக்கிட்டு நிப்பேன்? முகத்துல இருந்த மலர்ச்சியைப் பார்த்தேன்!"

வெர்னாவுக்கு உதவியாக இருந்த அவள் தங்கை ரோண்டா முணுமுணுத்தாள்: "அக்கா, இவரு கண்ணு முழங்காலுக்குக் கீழ இறங்காது போலிருக்கு."

வேறு வழி? சின்ன வயதில் தங்கைக்குச் செய்ததையே வெர்னா செய்தாள். ஈரம் ஏறாதிருக்க, பிள்ளைகளின் காலுறைமேல் காலியான பிளாஸ்டிக் பிரெட் கவரை மாட்டி, ரப்பர் பாண்டு போட்டு, ஷூவுக்குள் நுழைத்தாள். கணுக்காலில் கவரின் வண்ணப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. விட்மர் சொக்கிப்போனார்.

"அடடா! என்ன கற்பனை! என்ன சிக்கனம்!"

"பூட்ஸ் வாங்கிட்டா..."

"பூட்ஸா? இந்த அழகைக் கெடுத்துடாதீங்க!"

அன்று கவர் கிழிந்து, கெய்லி என்ற நாலு வயதுக் குட்டி கால்விரல் சிவந்து அழுதாள். வெர்னா அவள் காலை மடியில் போட்டுத் தேய்த்துவிட்டாள். அந்தக் கவர்களை விட்மர் எடுத்த படமோ நார்வேயில் நடந்த ஆஸ்லோ மாநாட்டுக்குப் போய்க் கைதட்டல் வாங்கியது.

அதைப் பார்த்து மயங்கி, பிப்ரவரியில் சோல்வெய்க் என்ற நார்வே அம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். முற்றத்தில் நின்று பிள்ளைகளின் கால்களையே பார்த்தாள்.

"இவங்க பூட்ஸ் எங்கே?"

ரோண்டா மரத்தைப் பார்த்தாள். வெர்னா விட்மரைப் பார்த்தாள். விட்மர், வாழ்க்கையில் முதல்முறையாக, கவர்களை விட்டுக் கால்களைப் பார்த்தார்.

மறுவாரமே பூட்ஸ் வந்து இறங்கின. ஒவ்வொரு ஜோடியையும் தாமே மண்டியிட்டு மாட்டிவிட்டார். மனுஷர் கெட்டவர் அல்ல. எழுந்து, வெர்னாவிடம் கனிவோடு சொன்னார்:

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும், மிஸ் வெர்னா. நார்வேயில பூட்ஸ் இல்லாம ஒரு பிள்ளையும் வெளிய வராது."

"அப்படியா சார்?" என்றாள் வெர்னா. கெய்லி பனியில் குதித்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் படிக்கும்போது நடுவில், 'ஜப்பானில் இப்படி விடமாட்டார்களே' என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் தெரிவியுங்கள். எங்கள் பள்ளிக் குழுவில் விட்மருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.