தெரிவுக்குழு அண்ணை

உலகத்தில் விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுக்குழு என்றால் குறைந்தது மூன்று பேராவது இருப்பார்கள். ஜெர்மனியில் எங்கள் பீலெஃபெல்ட் ஊர்த் தெரிவுக்குழுவில் இருந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. "குழுவுக்குள்ளை கருத்து வேறுபாடு இருக்கு தம்பி, பின்னேரம் திரும்பக் கூடுறம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறித் தனியாகப் போவார். பின்னேரம் வந்து, "ஏகமனதா முடிவெடுத்திட்டம்" என்பார். யாரோடு ஏகமனது என்று கேட்டவர்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்று நெடுநேரம் விளக்கம் கேட்க வேண்டி வந்ததால், பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் தெரிவுக்குழு அண்ணை. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தங்கை மகளின் கலியாணத்துக்கென்று ஒருமுறை மெல்போர்ன் போனார். கலியாணம் முடிந்த கையோடு தங்கையின் கணவர் அவரை அவுஸ்திரேலியக் கால்பந்து பார்க்கக் கூட்டிப்போனார். அவ்வளவுதான். போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு. கலியாணப் படங்களைக் காட்டுங்கோ என்று கேட்டால், மாப்பிள்ளையும் பொம்பிளையும் இரண்டு படத்தில் நின்றார்கள். மிச்சம் முழுக்க, கையில்லாத சட்டை போட்ட இளந்தாரிகள் ஆளுக்கு மேல் ஆள் ஏறிப் பந்து பிடிக்கிற படங்கள்.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து முட்டை வடிவம். உதைக்கலாம், கையால் குத்தலாம், அடுத்தவன் முதுகில் ஏறி நின்றும் பிடிக்கலாம். இரண்டு அந்தத்திலும் நாலு நாலு கம்பங்கள். நடுக்கம்பம் இரண்டுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்தால் போனால், பாவம் மினைக்கெட்டான் என்று ஒரு புள்ளி.

மெல்போர்னில் வாரக்கடைசி ஆட்டத்துக்கான அணிகளை வியாழக்கிழமை அறிவிப்பார்கள். எங்கள் ஊர்த் தமிழ்க் கடைக்கு மரக்கறிப் பெட்டிகள் வந்து இறங்குவதும் வியாழக்கிழமைதான். அண்ணை வேலை முடிந்து நேரே கடைக்கு வந்து, வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு மெல்போர்ன் மச்சானுடன் வாதாடுவார். இவர்கள் இருவரும் கட்டி அழுதது மீன்கொத்தி அணி என்ற ஓர் அணியை.

"மச்சான், ஆறாம் நம்பர்காரனை இன்னும் வைச்சிருக்கிறாங்களே?"

"அவன் போன கிழமை நல்லாத்தானே ஓடினவன்."

"ஓடினவன்தான். பந்து இல்லாத பக்கமாப் பாத்தெல்லோ ஓடினவன்!"

முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு அக்கா, "அவனுக்குத் தொடை நோவெண்டு சொன்னீங்கள், மாறீட்டுதோ?" என்று கவலையோடு கேட்பார். அந்த அக்கா அந்த விளையாட்டை வாழ்நாளில் ஒருதரமும் பார்த்ததில்லை. "ஆறாம் நம்பரை விட்டா முன்னுக்கு ஆர் நிக்கிறது? அதைச் சொல்லுங்கோ முதல்" என்று கல்லாவில் இருந்து கடைக்காரர் குரல் கொடுப்பார். அவரும் பார்த்ததில்லை. கறிவேப்பிலைக் கட்டோடு வரிசையில் நின்றவர்கள் ஆறாம் நம்பரின் விதி முடிவாகும் வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.

நாளடைவில் அவருக்கு உலகமே இரண்டாகப் பிரிந்துவிட்டது: ஃபோமில், அதாவது நல்ல ஆட்டநிலையில், இருப்பவை, இல்லாதவை. கோயில் ஐயர் நன்றாகத் தொடங்குகிறாராம், இரண்டாம் பாதியில் களைத்துப்போகிறாராம். பல் வைத்தியரிடம் சந்திக்க நாள் குறிக்கும் டெர்மின் எடுப்பதற்கு முன் அவருடைய அண்மைக்கால ஃபோமை நாலு பேரிடம் விசாரிப்பார். ஒருநாள் வீட்டில், "இந்தக் கிழமை சொதி ஃபோமிலை இல்லை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவருடைய மனைவி அந்தக் கிழமை முழுவதும் சமையலில் இருந்து தன்னைத் தானே நீக்கிக்கொண்டார். குழு கடைப் பாண் சாப்பிட்டது.

இனி எங்கள் அணி. டேரன் என்று ஒரு அவுஸ்திரேலியர், இங்கே ஆங்கிலம் படிப்பிப்பவர், பூங்காவுக்குப் பக்கத்து மைதானத்தில் இந்த விளையாட்டைத் தொடங்கினார். இங்குள்ள சின்ன அணிகள் பக்கத்துக்கு ஒன்பது பேராக விளையாடும். எங்களிடம் இருந்ததும் ஒன்பது பேர். எட்டும் இல்லை, பத்தும் இல்லை. அதில் நானும் ஒருவன். ஒன்பது இடத்துக்கு ஒன்பது பேர் இருக்கும் அணிக்குத் தெரிவுக்குழு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். அண்ணை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வியாழனும் மெல்போர்ன் அணி முடிந்ததும் எங்கள் அணியை அறிவிப்பார். ஒவ்வொரு வியாழனும் நீக்கப்படுபவன் நான்.

"தம்பி, உனக்கு ஃபோம் இல்லை. குழு உன்னை விட்டிட்டுது."

"அண்ணை, நான் இல்லாட்டி எட்டுப் பேர்தானே?"

"அது நிர்வாகப் பிரச்சினை. அதைக் கப்டனோடை கதை."

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல விளையாடுவேன். கோட்டோரம் நின்று, "விடுபட்ட ஆளுக்கு இது பரவாயில்லை!" என்று கைதட்டுவார். நாலு வருடம் ஒவ்வொரு கிழமையும் நீக்கப்பட்டு, ஒரு ஆட்டமும் விடாமல் விளையாடியவன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு வருடம், இளவேனில் தொடக்கத்தில், எனக்கு வேலை போனது. கணினி வேலை. நிறுவனம் ஆள் குறைத்தது. ஒரு டெர்மின் வைத்துக் கூப்பிட்டு, கோப்பி தந்து, மிக மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். அதன்பிறகு என் கிழமையில் ஞாயிறு என்ற ஒரு நாள் மட்டும்தான் இருந்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவனாக இருப்பது மட்டும்தான், நான் எங்காவது தேவைப்படுகிறேன் என்பதற்கு எனக்கு மிஞ்சியிருந்த அத்தாட்சி. அண்ணை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த வியாழனில் இருந்து குழு என்னை நீக்குவதை நிறுத்திவிட்டு, கப்டன் டேரனை நீக்கத் தொடங்கியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, யோனாஸ் வரும்வரை. யோனாஸ் கைப்பந்து விளையாடிய ஜெர்மன் மாணவன். பனைமர உயரம். முதல் பயிற்சியிலேயே வானத்தில் போன எல்லாப் பந்தையும் மாங்காய் பிடுங்குவதுபோல் பிடுங்கினான். எங்கள் வரலாற்றில் முதல்முறையாகப் பத்துப் பேர். பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், டிரெஸ்டன் அணியோடு. மாற்றி மாற்றி இறக்கலாமே என்பீர்கள். டிரெஸ்டனிடம் மாற்றாள் இல்லாததால் பக்கத்துக்கு ஒன்பதே ஒன்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள்.

யாரை விடுவது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எருமை மாதிரி ஆட்களை முட்டி விழுத்துகிற டேரனுக்கு, ஒருவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை கடைக்கே வந்தார். அண்ணையிடம் ஜெர்மனில், "நீங்கள்தானே தெரிவுக்குழு. இந்தமுறை நீங்களே முடிவு சொல்லுங்கள், அதுதான் அணி" என்றார்.

அண்ணை கையில் இருந்த கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருவர் உண்மையாகவே கேட்டது அதுதான் முதல்தரம். "குழு... குழு கூடவேணும்" என்றார். வாங்கிய கத்தரிக்காயையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடை இரண்டுபட்டது. நான் வெங்காயப் பையோடு அங்கேயே நிற்கிறேன் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

"வேலையும் போன பிள்ளை. பாவம், அவனை விடக்கூடாது" என்றார் முருங்கைக்காய் அக்கா.

"பாவம் பாத்து அணி போடேலுமே? அந்த நெட்டையனை வெளியிலை விட்டா ஊர் சிரிக்கும்" என்றார் கடைக்காரர்.

அன்று பின்னேரம் என் வீட்டு மணி அடித்தது. அண்ணை. கையில் இடியப்பப் பெட்டி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கால்மிதியிலேயே நின்றார்.

"குழு மிகுந்த மனவருத்தத்தோடை..." என்று தொடங்கினார். பிறகு குழுவை அங்கேயே விட்டார். "தம்பி, அவன் உன்னைவிடத் திறம். பாவம் பாத்து உன்னை எடுத்தா அது எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்துக்குப் பின்னாலை ஓடேக்கை உனக்கே அது தெரிஞ்சிடும்."

"பரவாயில்லை அண்ணை. வேலையிலையும் எனக்கு இப்பிடித்தான் மரியாதையாச் சொன்னவங்கள்" என்றேன்.

அவர் பெட்டியை என் கையில் வைத்தார். "ஞாயிறு வா" என்றார்.

"என்னத்துக்கு? தண்ணிப் போத்தல் தூக்கவோ?"

"வா எண்டா வாவன்."

கதவைச் சாத்திவிட்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு இடியப்பத்தைச் சாப்பிட்டேன். கோபம் வேறு, இடியப்பம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டில் இருந்தாலும் சுவரைத்தான் பார்க்கவேண்டும் என்பதால் போனேன். மைதானத்தில் கடையே வந்து நின்றது. குழுவின் முடிவு சரியா பிழையா என்று பார்ப்பதற்காக, ரோல்ஸும் பற்றீஸும் தேத்தண்ணிப் போத்தலுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எங்கள் அணிக்கு அப்படி ஒரு சனத்தை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

டிரெஸ்டன்காரர் வான் வண்டியில் இருந்து இறங்கினார்கள். எட்டுப் பேர். அவர்களுடைய கப்டன் கார்த்திக், மதுரைப் பக்கம், அங்கே ஆராய்ச்சி செய்பவர். டேரனிடம் ஆங்கிலத்தில் சொன்னதையே என்னிடம் தமிழிலும் சொன்னார்.

"சாரி பிரதர், எங்க பையன் ஒருத்தன் லாஸ்ட் மினிட்ல வரல. உங்ககிட்ட ஒரு ஆள் எக்ஸ்ட்ரா இருக்காராமே, அவரைக் குடுங்களேன்?"

சின்ன அணிகளுக்குள் இப்படி ஆள் இரவல் கொடுப்பது வழக்கம்தான். டேரனுக்கு மனச்சுமை இறங்கியது. உடனே என்னைக் காட்டினார். டிரெஸ்டனின் மஞ்சள் சட்டைக்குள் வயிற்றை எக்கிப் புகுந்தேன். அண்ணை அப்போது வானத்தில் ஏதோ ஒரு முகிலை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விளையாடியது நானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ரோசம் ஒரு நல்ல பயிற்சியாளர். டேரன் எப்போதும் இடதுபக்கம்தான் திரும்புவார் என்று எனக்குத் தெரியும். திரும்பிய இடமெல்லாம் நான் நின்றேன். யோனாஸின் காலுக்குள்ளும் கைக்குள்ளும் புகுந்து புகுந்து அவனுக்குத் தலைசுற்ற வைத்தேன். ஆட்டம் முடியப் போகிறது, டிரெஸ்டன் நாலு புள்ளி பின்னுக்கு. யோனாஸ் கையில் பட்ட பந்து வழுக்கி என் முன்னால் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். நடுக்கம்பங்களுக்குள்ளால் போனது. அதுவரைக்கும் நான் ஒரு கோல் போட்டதில்லை. போட்ட முதல் கோல் என் சொந்த அணிக்கு எதிராக. இரண்டு புள்ளியால் நாங்கள் தோற்றோம், அல்லது வென்றோம்.

மைதானம் செத்த வீடு மாதிரி இருந்தது. கோட்டோரம் ஒரே ஒரு மனிதர் மட்டும், எங்கள் அணியின் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, துள்ளிக்கொண்டிருந்தார்.

"போட்டிட்டான்! போட்டிட்டான்ரா!"

"அண்ணை, அது அவையின்ரை கோல்!" என்று முருங்கைக்காய் அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

"தெரியும் பிள்ளை, தெரியும்!" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் துள்ளினார்.

"குழு பிழைவிட்டிட்டுது" என்று கடைக்காரர் பற்றீஸைக் கடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கார்த்திக் சிரித்தார். "உங்க அண்ணா செம ஆளு பிரதர். வெள்ளிக்கிழமை எனக்குப் போன் பண்ணி, ஒருத்தனை வீட்டுல விட்டுட்டு வாங்க, நான் நல்ல ஆளாத் தர்றேன்னு சொன்னாரு. நாங்க ஒன்பது பேர் ரெடியாத்தான் இருந்தோம். என் ரூம்மேட்டுக்கு எக்ஸாம் வேற இருந்துச்சா, அவன் சந்தோஷமா நின்னுட்டான்."

நான் நேரே அண்ணையிடம் போனேன். அவர் குனிந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, டிரெஸ்டனுக்குப் போன் எடுத்தது நீங்களோ?"

"குழு ஒருத்தருக்கும் போன் எடுக்கேல்லை."

"கார்த்திக் சொல்லிப்போட்டார் அண்ணை."

அவர் நிமிரவில்லை. கோப்பை நிறைந்து வழிந்தது. "குழுவுக்கு உன்னை எடுக்க ஏலாமல் போச்சு. எனக்கு உன்னை வெளியிலை நிப்பாட்ட ஏலாமல் போச்சு. நான் என்ன செய்யிறது, சொல்லு?"

வழிந்த கோப்பையை வாங்கித் தேத்தண்ணியைக் குடித்தேன். கடைசி ஆட்டத்தில் ஏன் தோற்றோம் என்று டேரனுக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த குளிர்காலம் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அணியும் பெருத்துவிட்டது. இப்போது ஆள் தாராளம், என் முழங்கால்தான் பஞ்சம். குழு என்னை அடிக்கடி, ஏகமனதாக, நீக்குகிறது. அப்படி நீக்கும் கிழமைகளில் எதிரணியில் ஒருவருக்குத் தலையிடி, ஒருவருக்குக் கலியாண வீடு, எப்படியோ ஒரு ஆள் குறைந்துபோகிறது. நான் காரணம் கேட்பதில்லை. அவர்களுடைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கோட்டோரம் நிற்கும் அந்த மனிதர் யாருக்காகக் கத்துகிறார் என்று தெரிந்தும் தெரியாதவன் போல ஓடுகிறேன்.