சந்தை எங்கே என்று கேட்பவர்

மனிதர்களில் போட்டி நடுவர் என்று ஓர் இனம் உண்டு. பாட்டுப் போட்டி, கோலப் போட்டி நடுவர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சுருதியோ புள்ளியோ கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இங்கே சொல்லப்படுகிறவர், கல்லூரி மாணவர்களைத் தொழிலதிபர்களாக்கும் தொழில்நுட்பத் திட்டப் போட்டிகளுக்கு வருகிற நடுவர். இவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கல்லூரி வாசலிலாவது ராக்கெட் படம் போட்ட பிளக்ஸ் கட்டியிருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். முன்வரிசை மேசையில், தண்ணீர் பாட்டிலுக்கும் முந்திரித் தட்டுக்கும் பின்னால், மூன்று வருஷத்துக்கு முன்பு பெங்களூரில் நடந்த ஏதோ மாநாட்டின் அடையாள அட்டையை இன்னும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கையில் போனைத் தடவியபடி, மறு கையால் மதிப்பெண் தாளில் பூனை வரைந்துகொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான்.

மாதிரிக்கு வசந்தகுமாரை எடுத்துக்கொள்வோம். 2014 ஜூன் மாதம் அறந்தாங்கியில் ஒரு கூரியர் ஏஜென்சி எடுத்தார். 2015 ஜனவரியில் கட்டடக்காரர் தன் பூட்டைப் போட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டார். அழைப்பிதழ்களில் இது ‘சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தை நிறுவி, வெற்றிகரமாக வெளியேறியவர்’ என்று அச்சாகும். வெளியேறியது உண்மை. ஒரு பொருளை ஒருவருக்கு விற்று, அவர் மறுநாளும் தேடி வரும்படி செய்த அனுபவம் மட்டும் அவருக்கு இல்லை. நடுவருக்கு அது எதற்கு?

இதுவரை அறுபத்தொரு போட்டிகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஆக, முதல் பரிசு பெற்ற திட்டங்கள் அறுபத்தொன்று. அவற்றில் இன்று நடக்கிற தொழில் எத்தனை? கேட்டால், “சார், இது ஒரு பயணம்” என்பார்.

எந்தக் குழு மேடையேறினாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மூன்று கேள்விகள் கேட்பார். சந்தை எங்க இருக்கு? இதைப் பெருசா ஸ்கேல் பண்ண முடியுமா? அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் எங்க இருப்பீங்க? நான்காவதாக ஒரு கேள்வி, ‘இது இப்போது ஓடுகிறதா?’ என்பது. அதை அவர் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

போன பிப்ரவரியில், புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் போட்டி. ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்து 10.52க்குத் தொடங்கியது. பதினேழு குழுக்கள். முதல் பரிசு, கல்லூரியின் தொழில் வளர்ப்பு மையத்தில் ஒரு வருஷத்துக்கு ஓர் அறை. கரண்டும் இணையமும் சேர்த்து. மற்ற பதினாறு குழுக்களுக்கு அது ஒரு புகைப்படம். பதினோராவதாக மேடையேறிய குழுவுக்கு அந்த அறையேதான் வேண்டியிருந்தது.

அந்தக் குழுவில் இரண்டே பேர். கொத்தமங்கலத்திலிருந்து வருகிற கார்த்திகா, ஆவூர்ப் பையன் மெல்வின். இருவரும் கடைசி வருஷம். கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கணினியில் நான்கு சிம் கார்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் கீரமங்கலம் பூச்சந்தையில் மூன்று கமிஷன் கடைகளைப் போனில் கேட்டு, அன்று விலை எப்படித் திறந்தது என்று கார்த்திகா பேசிப் பதிவு செய்வாள். ஆறரைக்குள் அந்தக் குரல் இருநூற்றுப் பதினான்கு பூ விவசாயிகளின் போனுக்குப் போய்விடும். செண்டிப் பூவை இன்றைக்குப் பறிப்பதா, செடியிலேயே இன்னும் ஒரு நாள் விடுவதா, பறித்தால் எந்தக் கடைக்குக் கொண்டுபோவது என்று அவர்கள் பூக்கொல்லையில் நின்றபடியே முடிவு செய்வார்கள். பதினான்கு மாதமாக ஒருநாள் தவறவில்லை. ஆனால் படிப்பு முடிகிறது. ஏப்ரல் முப்பதோடு ஆய்வகத்து மூலையைக் காலி செய்ய வேண்டும். கொத்தமங்கலத்து வீட்டில் வைக்கலாமென்றால், மின்சாரம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும்.

இதையெல்லாம் கார்த்திகா ஆறு நிமிஷத்தில் சொன்னாள். திரையில் காட்டப் படம் அதிகம் இல்லை. வசந்தகுமார் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாம் சரிம்மா. இதுக்குச் சந்தை எங்க இருக்கு? யாருக்கு வேணும் இது? அதுக்கு என்ன ஆதாரம்?”

கார்த்திகா வாயைத் திறப்பதற்குள் மேசையில் இருந்த போன் அடித்தது. விளக்கிக் காட்டுவதற்காக அதை அரங்கத்து ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். மெல்வின் பதறி எடுத்ததும் அரங்கம் முழுக்க ஒரு குரல் வந்தது.

“ஆத்தா கார்த்திகா, நான் சேந்தங்குடி நாகராசு பேசுறேன். காலைல ஒன் போன் வந்தப்ப மருந்தடிச்சுக்கிட்டு நின்னேன், எடுக்கல. செண்டி என்னாத்தா போச்சு? நாளைக்குப் பறிக்கவா, விடவா? ஆளு வேற சொல்லணும்.”

மாணவர்கள் சிரித்தார்கள். வசந்தகுமாரின் முகம் சிறுத்துவிட்டது. அறுபது போட்டிகளில் அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவரும் குறுக்கே பேசியதில்லை.

“யாரும்மா அது? முதல்ல அந்த போனை அணைங்க.”

“சார், நீங்க கேட்டீங்கல்ல, யாருக்கு வேணும்னு. அவருக்குத்தான் சார்.”

“இருக்கட்டும்மா. ஒரு டிசிப்ளின் வேணாமா? நாளைக்கு முதலீட்டாளர் முன்னாடியும் இப்படித்தான் போன் அடிக்குமா?”

“அடிச்சா நல்லதுதானே சார்” என்றான் மெல்வின்.

அந்தப் பதிலுக்கு அணிப்பண்பு என்ற கட்டத்தில் பத்துக்கு இரண்டு விழுந்தது. சந்தை என்ற கட்டத்தில் வசந்தகுமார் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதினார். கார்த்திகா போனை அணைத்தாள். சேந்தங்குடியில் நாகராசு “அலோ, அலோ” என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

“நீங்க நடத்துறது ஒரு கடை மாதிரிம்மா. கடை வேற, ஸ்டார்ட்அப் வேற. பெருசா யோசிங்க” என்று முடித்துவைத்தார்.

யார் பெரிதாக யோசித்தது? பதினாறாவதாக வந்த சந்தோஷ்குமார். இந்தியாவின் எல்லாப் பூக்களின் விலையையும் செயற்கை நுண்ணறிவால் ஐந்து வருஷத்துக்கு முன்கூட்டியே கணிக்கப்போகிற செயலி. நாற்பத்திரண்டு படங்கள். அவற்றில் பதினொன்றில் கோடு இடது மூலையில் கிளம்பி வலது மூலையில் கூரையைத் தொட்டது. செயலி எங்கே என்று இன்னொரு நடுவர் வாய் தவறிக் கேட்டுவிட, “மார்ச்சுக்குள்ள பண்ணிடுவோம் சார்” என்றான். மல்லிகைக்கும் முல்லைக்கும் ஒரே படத்தைப் போட்டிருந்தான். வசந்தகுமார் எழுந்து நின்று கைதட்டினார். அறை சந்தோஷ்குமாருக்குப் போயிற்று. சாவியை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டான். அதன்பின் அந்தக் கதவைத் திறந்தது, பெருக்க வந்த அம்மாள் மட்டுமே.

ஏப்ரல் முப்பது மாலை, கணினியைப் போர்வையில் சுற்றி மெல்வின் பைக்கில் ஏற்றினான். மே ஒன்றிலிருந்து பத்து காலைகள் இருநூற்றுப் பதினான்கு போன்கள் அடிக்கவில்லை. சேந்தங்குடியில் நாகராசு ஆள் சொல்லிப் பறித்த செண்டி, விலை விழுந்த நாளில் சந்தைக்குப் போய், மூட்டையோடு திரும்பி வந்து மாட்டுக்குப் போனது. அவர் வசந்தகுமாரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

பத்தாம் தேதி, இனிமேல் விலை கேட்டு போன் வராது என்று சொல்லிவிட்டுப் போகலாமென்று கார்த்திகா கீரமங்கலத்தில் வீரய்யாவின் கமிஷன் கடைக்குப் போனாள். தினமும் விலை சொன்ன மூன்று பேரில் அவர் ஒருவர். நிறுவையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

“பொட்டிய வைக்க எடமில்லைங்க. கரண்டும் நிக்காம இருக்கணும்.”

“எம்புட்டுக் கரண்டு இழுக்கும்?”

“ஒரு ஃபேன் அளவுதாங்க.”

“இன்வெர்ட்டர் கெடக்கு. அங்கிட்டுத் தண்ணி தெளிப்பாங்ய, இங்கிட்டு வைங்க.”

“நீங்க விலை கொறச்சுப் போடுற அன்னிக்கும் அப்படியேதான் சொல்லுவேங்க.”

“சொல்லு. கூடப் போடுற அன்னிக்கும் சொல்லுவேல்ல?”

அவ்வளவுதான் நேர்காணல். பதினோராம் தேதி காலை 6.27க்குப் போன்கள் அடித்தன.

ஜூலையில் அன்னவாசல் பக்கம் ஒரு கல்லூரியில் வசந்தகுமார் ஊக்க உரை ஆற்றினார். “கார்த்திகான்னு ஒரு பொண்ணு. சந்தை எங்கேன்னு அன்னிக்கு நான் விடாம கேட்ட ஒரே கேள்வி. இன்னிக்கு அந்தப் பொண்ணு மார்க்கெட்டுக்குள்ளேயே ஆபீஸ் போட்டிருக்கு.” கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. அவர் சொன்னதில் பொய் என்று ஒரு வரியைப் பிடித்துக் காட்டுவது கடினம். இந்த இனத்தின் திறமையே அதுதான்.

வசந்தகுமாரைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். கார்த்திகாவின் வேலையைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘பூவோடு ஏன் நிறுத்த வேண்டும், காய்கறியைச் சேர்க்கலாம், ஜெகதாப்பட்டினத்து மீன் விலையைச் சேர்க்கலாம், அந்தப் பெண்ணுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை’ என்று உள்ளுக்குள் ஒரு யோசனை ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். வருகிற டிசம்பருக்கு நடுவர் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. பெயரும் பதவியும் எழுதி அனுப்பினால் போதும். நீங்கள் எப்போதாவது ஒரு முழம் பூ விற்றிருக்கிறீர்களா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.