வலமாகத் திருப்பிய நட்டு

என் அப்பாவின் இடது காலை எடுத்தது கோயமுத்தூர் டாக்டர் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பாவம், அவர் மேல் பழி. எடுத்தவன் நான். கையில் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு, முழு மனதோடு, விஞ்ஞான முறைப்படி எடுத்தேன்.

முப்பதுகளின் நடுவில் நடந்த கதை. தாராபுரத்திலிருந்து பல்லடம் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்களிடம் ஒரு கார் இருந்தது. மூன்று கை மாறி வந்த சீமைக் கார், துணிக்கூரை, இருமிக்கொண்டே ஓடும். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் என்பதால் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம். எனக்கு அதிகமாகவே இருந்தது. இருபத்தோரு வயது, இண்டர்மீடியட் பாஸ். (எங்கள் ஊரில் முதல் ஆள். இதை யாரும் கேட்கும் சிரமம் இல்லாமல் நானே சொல்லிவிடுவேன்.)

அப்பாவுக்கு நீரிழிவு. காட்டில் முள் குத்திய இடது கால் பெருவிரல் முதலில் பழுத்தது, பிறகு கறுத்தது. தாராபுரத்திலிருந்து வந்து பார்த்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நாளைக்கு மதியத்துக்குள்ள கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில சேர்த்துடுங்க. விரலோட போயிரும். தள்ளிப்போட்டா கறுப்பு மேல ஏறிரும்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் ரங்கன் தன் குழந்தைக்கு மொட்டை போடக் கொடுமுடி போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் வந்துவிடுவார். போகும்போது என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "எஞ்சின் எண்ணெய் கறுத்துக் கெடக்குதுங்க, சின்னவரே. நா வந்து மாத்திக்கிறனுங்க. நீங்க கை வெச்சுப்போடாதீங்க."

கை வைக்காதே என்று படித்தவனிடம் சொல்லலாமா? ரங்கன் வந்து எண்ணெய் மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்தை அப்பாவுக்காக நான் மிச்சப்படுத்துவேன் என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணம்தான். என் நாசமெல்லாம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான்.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி, அதன் வயிற்றில் ஒரு நட்டு. அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடிந்துவிடும். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பச் சொல்லியிருந்தது. வாசலில் காருக்கு அடியில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து குனிந்து பார்த்தார்.

"அது எந்தப் பக்கமாக் கண்ணு திருப்போணும்?"

"இடமாங்கம்மா."

"ஐயோ சாமி! அப்பா படுத்துக் கெடக்கறப்ப ஊட்டு வாசல்ல இடமாத் திருப்பறதா? எழவுக்குத்தான் இடமாச் சுத்துவாங்க. கோயிலச் சுத்தற மாதிரி வலமாத் திருப்பு கண்ணு."

இந்த இடத்தில் ஒரு சாதாரண முட்டாளாக இருந்திருந்தால் அம்மாவுக்குத் தெரியாமல் இடமாகவே திருப்பியிருப்பேன். நான் படித்த முட்டாள். அம்மா சொன்னதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் தேடினேன். கிடைத்தும் விட்டது. பாக்கெட் கடிகாரத்தை எடுத்து, அதன் முதுகை என் பக்கம் வைத்து யோசித்தேன். பின்னாலிருந்து பார்த்தால் முள் எதிர்ப்பக்கம் ஓடும் அல்லவா? புத்தகம் எழுதிய வெள்ளைக்காரன் நின்றுகொண்டு எழுதியிருப்பான். நானோ கீழே மல்லாந்து படுத்திருக்கிறேன். ஆகவே இடம் வலமாகிவிடும். ஆக, சாஸ்திரமும் விஞ்ஞானமும் ஒன்றே! (அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது. இப்போதும் நினைத்தால் அரிக்கிறது, வேறு மாதிரி.)

வலமாகத் திருப்பினேன். நட்டு அசையவில்லை. ஸ்பானரில் ஒரு குழாயைச் சொருகி, தொங்காத குறையாக இழுத்தேன். ஸ்பானர் வழுக்கி முழங்கை தரையில் மோதியது. மறுபடி, மறுபடி. நட்டின் ஆறு முனையும் ஒவ்வொன்றாக மழுங்கி, கடைசியில் அது உருண்டையாகிவிட்டது. பிடிக்க ஒரு மூலை இல்லை.

அப்பாவின் கட்டில் ஜன்னலோரம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன கண்ணு சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. நட்டு கொஞ்சம் இறுகிக் கெடக்குதுங்க."

"எந்தப் பக்கமாத் திருப்பற?"

"வலமாங்க."

கட்டில் முனகியது. பிறகு, "நம்ம கெணத்து எஞ்சின் நட்டெல்லாம் இடமாத்தானே கழலும்?" என்றார்.

"அது மேலிருந்து பாக்கறதுங்கப்பா. இது கீழிருந்துங்க. கணக்கே வேறங்க."

"அப்படீங்களா? சரி சரி" என்றார். காய்ச்சலிலும் எனக்கு 'ங்க' போட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். நட்டின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தால் சுழலும் என்று எங்கோ கேட்டிருந்தேன். எந்தப் பக்கம் பார்த்து அடித்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? ஐந்தாவது அடியில் உளி நழுவித் தொட்டியில் இறங்கியது. 'டக்'கென்று ஒரு சத்தம். அலுமினியத் தொட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கறுப்பு எண்ணெய் முழுவதும் என் மூக்கிலும் வாயிலும் வடிந்தது. எண்ணெயை வடிப்பதுதான் என் வேலை என்று பார்த்தால், வேலை முடிந்துவிட்டது.

காலையில் ரங்கன் வந்தார். மொட்டைத் தலைக் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தார். அரத்தை எடுத்து உருண்டை நட்டின் இரண்டு பக்கத்தைத் தட்டையாக ராவினார். ஸ்பானரை மாட்டி இடப்பக்கம் ஒரு தள்ளு. என்னோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டிய நட்டு, கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"இதுக்கு எடதுகைப் பக்கங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நட்டைத் திரும்ப இறுக்கி, விரிசலில் துணி சோப்பைத் தேய்த்து அடைத்தார். புது எண்ணெய் கொஞ்ச தூரத்திலேயே ஒழுகித் தீர்ந்துபோகும் என்பதால் வீட்டிலிருந்த விளக்கெண்ணெய்க் குடங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டோம். அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். இரண்டு மைலுக்கு ஒருமுறை நின்று நான் இறங்கி எஞ்சினில் விளக்கெண்ணெய் ஊற்றுவேன். ஊரெல்லாம் பேதி மருந்து வாசனை. காலின் வாசனை அதற்குள் அடங்கவில்லை.

அப்பா கண்ணைத் திறந்து, "ஏப்பா ரங்கா, ரண்டு வெளக்கெண்ணெயில ஒண்ணு எஞ்சினுக்குள்ள ஊத்தியாச்சு. இன்னொண்ணு ஏன் முன்சீட்டுல உக்காந்திருக்குது?" என்றார். ரங்கன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பல்லடம் தாண்டி எஞ்சின் ஒரு உறுமலோடு நின்றேவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கெஞ்சி ஒரு மாட்டு வண்டி பிடித்தோம். மதியத்துக்குள் சேர வேண்டிய ஆஸ்பத்திரிக்கு அதற்கு அடுத்த நாள் காலையில் போய்ச் சேர்ந்தோம். கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது.

அங்கிருந்த டாக்டர் தாராபுரத்து டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "நேத்து ஏன் வரலீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கடிகாரம், மேலிருந்து, கீழிருந்து என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அப்பா அதற்கப்புறம் பல வருடம் கட்டையை ஊன்றிக்கொண்டு தோட்டமெல்லாம் சுற்றினார். கால் எங்கே என்று கேட்பவர்களிடமெல்லாம், "எம்பையன் வலமாத் திருப்புனானுங்க, இடது கழண்டுபோச்சுங்க" என்பார். கல்யாண வீடு, சந்தை, பெண் பார்க்கப் போன இடம், எங்கேயும் விட்டதில்லை. (எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தைத்தான் சொல்கிறேன்.) எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர் என்னைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். மகன் மேல் யாரும் கோபப்படுவதற்குள் அவரே சிரித்துக் காட்டிவிடுவார்.

ஒரே ஒருமுறை கேட்டுவிட்டேன். "இடமாத்தான்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்கப்பா? ஏனுங்க உட்டுட்டீங்க?"

"படிச்சவன் சொல்றயே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு" என்றார்.

இதை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை. இது வேடிக்கைக் கதையில் சேராது.

அவர் போனபோது சுடுகாட்டில் என் தோளில் நீர்க்குடத்தை ஏற்றினார்கள். உடம்பை மூன்று சுற்று சுற்ற வேண்டும். என் கால் தானாக வலப்பக்கம் திரும்பியது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, தலை நரைத்த ரங்கனின் குரல் கேட்டது.

"சின்னவரே, இடமாங்க."

பங்காளி ஒருவர் மூக்கால் சிரித்தார். அதைக் கேட்டு இன்னொருவர். எனக்கும் வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாகக் குடம் ஆடி, தண்ணீர் முதுகெல்லாம் கொட்டியது. அப்படியே இடமாகச் சுற்றி முடித்தேன்.

இன்றைக்கும் எங்கள் பங்காளி வகையில் யார் குடத்தைத் தூக்கினாலும் காதில் ஒருவர் "இடமாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விலகுவார். என் மகன் இப்போதே எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்: "உங்களுக்கு மட்டும் வலமாத்தான் சுத்துவனுங்கப்பா. கீழ மல்லாந்து கெடக்கறவங்களுக்கு அப்பத்தானுங்க சரியாத் தெரியும்."

சுற்றட்டும். எனக்கு வேண்டியதுதான்.