ஏழு மாடி முதலாளி

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கி முடிப்பதற்குள் லிஃப்ட் மெக்கானிக் முதலாளியாகிவிட்டார். முகம்கூட இன்னும் துடைக்கவில்லை.

"இனிமே நான் யார்கிட்டயும் கைகட்டி நிக்கப் போறதில்லை," என்று கண்ணாடியிடம் அறிவித்தார். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் அடுக்களைக்குப் போய் மனைவியிடமும் சொன்னார்.

அம்மையாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. "எப்பம்மா குத்துவீங்க?" என்று பயந்து கேட்கிறவர்களைப் பஞ்சை அழுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இருபது வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்தும் மனுஷனுக்கு இதிலிருந்து ஏதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அவர்களது தரைத்தள வீட்டில், கூடத்தின் நடுவில் ஒரு நீலப் பெட்டி. உள்ளே இருபத்துநாலு பாட்டில், எல்லாம் தரை துடைக்கிற திரவம். கொண்டுவந்து இறக்கியவர், ஒரு காலத்தில் இவரோடு கிரீஸ் பூசிக்கொண்டு திரிந்த சகா. இப்போது எந்த வெயிலிலும் டை கட்டுவதால் டைக்காரர். இழுத்து வந்ததில் பெட்டியின் அடிமூலை கிழிந்துபோக, மெக்கானிக் தன் மஞ்சள் ஒயர் டேப்பை எடுத்து ஒட்டியிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு டைக்காரர் வருவார். மகளின் கல்லூரிக்காக எடுத்து வைத்திருக்கும் பணத்தை அவர் கையில் கொடுத்தால் பாட்டில் கம்பெனியில் மெக்கானிக் உறுப்பினர். இல்லாவிட்டால் பெட்டி திரும்பிப் போய்விடும்.

"அது காலேஜுக்கு வச்ச பணம். அடுத்த மாசம் கட்டணுங்க," என்றார் அம்மையார்.

"அதுக்குள்ள மூணு மடங்கா வந்துடும். நான் ஆறு பேரைச் சேர்ப்பேன். அவங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், பணம் தானா மேலே ஏறி வரும்."

"ஆறு ஆறாப் பெருக்கிக்கிட்டே போனா, பதிமூணாவது படியில உலகத்துல ஆளே மிச்சம் இருக்காதே?"

"அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் சேரணும்!"

"சரி, இதுல சேராத யாராவது இந்தப் பாட்டிலை ஆசையாக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கீங்களா?"

"அது... இனிமே வாங்குவாங்க."

"விக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துப்பாங்களா? எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாப் பேசாதே."

"டைக்காரருக்குப் போன மாசம் பாட்டில் வித்து எவ்வளவு வந்துச்சு? ஆள் சேர்த்து எவ்வளவு வந்துச்சு?"

"ஒரு மனுஷன்கிட்ட வருமானத்தைக் கேட்கலாமா?"

"நம்ம வருமானத்தை அவர் கேட்டாரே!"

வாதத்தில் வழுக்கியது தெரிந்ததும் மெக்கானிக் தன் பழைய அஸ்திரத்தை எடுத்தார். "யோசிச்சுக்கிட்டே இருந்தா எதுவும் நடக்காதும்மா. அன்னிக்கு உன்னைப் பொண்ணு பார்த்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னுதான் வந்தேன். பெரியப்பா வீட்டுக்குப் போனா, வெளியூர் இன்ஜினியர் ஒருத்தன் உன்னைக் கேட்டு வரப்போறான்னு பேச்சு. அத்தை வீட்டுலயும் அதே பேச்சு. முடிவெட்டப் போன இடத்துலயும் அதே பேச்சு. விட்டேனா? மறுநாளே சம்மதம் சொன்னேன். இன்ஜினியரையே ஜெயிச்சவன் நான்!"

வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லும் கதை. அம்மையார் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று மெக்கானிக் எப்போதும் போல நினைத்துக்கொண்டார்.

"சரிங்க. மாடிக்கு ஒரு வீடுன்னு நம்ம கட்டடத்துலயே ஏழு வீடு கேளுங்க. ஒரே ஒருத்தர் சேர்றேன்னு சொன்னாலும் போதும், என் கையாலயே பணத்தை எடுத்துத் தர்றேன்."

மெக்கானிக் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"முதலாளி எங்கேயாவது மூட்டை தூக்குவாங்களா? டைக்காரர் கொடுத்த நோட்டீசை மட்டும் எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி ஒரு குளியல் போடுங்க, சட்டையைத் தேய்ச்சு வைக்கிறேன்."

முதலாளி! அந்தச் சொல்லிலேயே மனுஷன் பாதி குளிர்ந்துபோனார். மீதியைக் குளியலறையில் முடித்தார்.

ஓய்வு நாளில் அவர் லிஃப்டில் ஏறமாட்டார். ஏறினால் காது கம்பியின் முனகலைத் தேடிப் போகும், கை ஸ்பேனரைத் தேடும், ஞாயிறு திங்களாகிவிடும். அதனால் படிதான். கட்டடம் முழுக்க இது தெரியும்.

முதல் மாடியில் தையல்காரர் கதவைத் திறந்தார். மெஷின் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி!

"வாங்கண்ணே! நானே உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன். எனக்குக் கீழே ஒரு ஆள் வேணும்."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்..."

"நான் உங்களுக்குக் கீழே, நீங்க எனக்குக் கீழேன்னா, மேலே யாருண்ணே?"

மெக்கானிக் படியேறினார். இரண்டாவது மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் வீட்டிலும் நீலப் பெட்டி, அதே பேச்சு. மூன்றாவது மாடியில் பல் டாக்டர். நோயாளியைப் போல இவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, "எனக்குக் கீழே ஒரு ஆள் வேணும்" என்றார். மூலையில் நீலப் பெட்டி. முதலாளிக்கு வியர்த்தது.

நாலாவது மாடியில் டியூஷன் டீச்சர். கட்டிலுக்கடியில் மூன்று பெட்டிகள், மேலே தூசி. டீச்சர் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சேர வேண்டாங்க. ரெண்டே ரெண்டு பாட்டில் மட்டும் வாங்கிக்கறீங்களா? அக்காவை இதுல சேர்த்துவிட்டேன். அன்னிலேருந்து அக்கா என்கூடப் பேசறதில்லை."

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்.

ஐந்திலும் ஆறிலும் பெட்டியைப் பார்த்ததுமே திரும்பிவிட்டார். ஏழாவது மாடியில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் கதவைத் திறந்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"வந்துட்டீங்களா தம்பி? கொஞ்சம் உட்காருங்க. பெட்டி இன்னும் வரலை."

"எந்தப் பெட்டி?"

"அது வந்தப்புறம்தானே நான் பேசணும்? உங்க வீட்டம்மா எழுதியே கொடுத்திருக்காங்க." சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "எனக்குக் கீழே ஒரு ஆள் வேணும்."

மெக்கானிக் வெளியே ஓடினார். லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றுபோயிருந்தது. இடுப்புச் சாவியால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விளக்கு எரிய, ஒற்றைப் பயணியாக உள்ளே நீலப் பெட்டி. இதுவரை எல்லா வீட்டிலும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மூலை இப்போது இவரைப் பார்த்திருந்தது. அதில் மஞ்சள் டேப்.

முதலில் கோபம் வந்தது. படியில் உட்கார்ந்தார். கட்டிலுக்கடியில் பார்த்த தூசிப் பெட்டிகள் கண்ணுக்குள் வந்தன. அந்த இடத்தில் தன் கட்டிலை நினைத்துப் பார்த்தார், மகளின் முகத்தையும். கோபம் போன இடம் தெரியவில்லை. லிஃப்டைக் கையாலேயே சரிசெய்து, பெட்டியோடு தானும் ஏறி, ஞாயிற்றுக்கிழமையில் முதல்முறையாக லிஃப்டில் கீழே வந்தார்.

"எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்று காபியை நீட்டினார் அம்மையார்.

"போதும்மா, தோத்துட்டேன். ஆனா டீச்சர்தான் பிரமாதமா நடிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அம்மையாரின் சிரிப்பு நின்றது. "டீச்சரா? அவங்ககிட்ட நான் சொல்லவே இல்லையே. பெட்டி மூணாவது மாடியிலேருந்து நேரா அஞ்சுக்குத்தான் போச்சு."

டீச்சரின் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நாளைக்கே அந்தப் பாட்டில் கம்பெனி ஆபீசில் போய் நிற்பது என்று முடிவாயிற்று. ஆறு மணிக்கு டைக்காரர் வந்து, மஞ்சள் டேப்போடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பணம் பீரோவில் பத்திரமாக இருந்தது.

"நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்! உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை," என்றார் மெக்கானிக், மனதாரத்தான். "நேரா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உடனே பணத்தைக் கட்டியிருப்பீங்க."

உண்மைதான். "ஆனாலும் ஒரே பெட்டியை வீடு வீடா அனுப்பி, எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைக்க எங்கேம்மா கத்துக்கிட்டே?"

அம்மையார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதென்னங்க புதுசா? அந்த இன்ஜினியர் மாப்பிள்ளையையும் இப்படித்தான் உங்க சொந்தக்காரங்க வீடு வீடா அனுப்பி வச்சேன்."